இணையதளத்துக்கு நல்ல இணைப்பு சேர்ப்பது எப்படி?

நமது உறுப்பினர்களில் பலர் இன்று கடைக்கென்று ஓர் இணையதளம் வைத்திருக்கிறார்கள். தளம் அமைத்துக் கொடுத்தவருக்குப் பணம் கொடுத்தாயிற்று. சரக்குகளின் படங்களும் போட்டாயிற்று. ஆனால் வாடிக்கையாளர் கூகுளில் சரக்கின் பெயரைப் போட்டுத் தேடும்போது நமது தளம் முதல் பக்கத்தில் வருவதில்லை. இந்தக் குறையைத் தெரிந்துகொண்டு, "ஆயிரம் பேக்லிங்க் போட்டுத் தருகிறோம், ஒரே மாதத்தில் முதலிடம்" என்று தொலைபேசியில் அழைப்போர் பெருகிவிட்டனர். அவர்களிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன், பேக்லிங்க் என்றால் என்ன, எது பயன் தரும், எது பணத்தைக் கரைக்கும் என்று நாம் தெரிந்துகொள்வது அவசியம்.

வேறொருவருடைய தளத்தில் நமது கடையின் பெயரோ சரக்கின் பெயரோ இருந்து, அதைத் தொட்டால் நமது தளம் திறக்குமானால் அதுவே பேக்லிங்க். இக்கட்டுரையில் அதைச் சுருக்கமாக 'இணைப்பு' என்றே சொல்வோம்.

இணைப்புக்கு மதிப்பு வந்த விதம்

1996ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் லாரி பேஜ், செர்ஜி பிரின் என்ற இரு ஆராய்ச்சி மாணவர்கள் ஒரு கணக்கு முறையை உருவாக்கினார்கள். 1998இல் கூகுள் நிறுவனம் அதை வைத்தே தொடங்கியது. 'பேஜ்ரேங்க்' என்பது அதன் பெயர்.

ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் இணைப்பு கொடுத்திருக்கிறார்கள் என்பதோடு, கொடுத்தவர் எப்படிப்பட்டவர் என்பதையும் சேர்த்து எடை போடுவதே அந்த முறை. நமது தொழிலில் இது புதிதல்ல. புதிதாக ஒருவர் கடனுக்குச் சரக்குக் கேட்டால், அவரை அறிந்தவர் யார் என்று நாம் விசாரிக்கிறோம். முப்பது வருடம் நாணயமாகக் கொடுக்கல் வாங்கல் செய்த மண்டிக்காரர் ஒருவர் சொன்னால் போதும். ஊர் பேர் தெரியாத ஐம்பது பேர் சொன்னாலும் நாம் மூட்டையை இறக்குவதில்லை. தேடுபொறியும் அப்படித்தான் பார்க்கிறது.

மூலக் கணக்கு எளிதானது. ஒரு பக்கத்துக்கு 100 மதிப்பெண் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் 85ஐ மட்டும், அது யார் யாருக்கு இணைப்பு கொடுக்கிறதோ அவர்களுக்குச் சமமாகப் பிரித்துக் கொடுக்கும். நான்கு பேருக்குக் கொடுத்தால் ஆளுக்கு 21.25 கிடைக்கும். ஐந்நூறு பேருக்குக் கொடுத்தால் ஆளுக்கு 0.17தான். ஆயிரக்கணக்கான முகவரிகளை அடுக்கிவைத்திருக்கும் பட்டியல் தளங்களில் பெயர் போடுவதால் பெரிய லாபம் ஏன் இல்லை என்பதற்கு இதுவே விளக்கம்.

இன்று கூகுள் இதை மட்டும் பார்ப்பதில்லை. பக்கத்தில் உள்ள விஷயம், தேடுபவர் இருக்கும் இடம், பக்கம் திறக்கும் வேகம் என்று எத்தனையோ அம்சங்களைச் சேர்த்துப் பார்க்கிறது. இணைப்பும் அவற்றுள் ஒன்று.

தரம் பார்க்கும் முறை

ஓர் இணைப்பு நல்லதா என்று அறிய நாலு கேள்விகள் போதும்.

1. இணைப்பு தரும் தளத்துக்கு உண்மையான வாசகர்கள் உண்டா? இணைப்பு விற்பதற்கென்றே அமைத்த தளமா?

2. அதற்கும் நமது தொழிலுக்கும் சம்பந்தம் உண்டா? பெயிண்ட் கடைக்குக் கட்டிடப் பொறியாளர் ஒருவரின் தளத்திலிருந்து வரும் இணைப்பு பொருத்தமானது. சூதாட்டத் தளத்திலிருந்து வருவது பொருத்தமற்றது.

3. இணைப்பு எந்த இடத்தில், எந்தச் சொல்லில் இருக்கிறது? கட்டுரையின் நடுவே, படிப்பவருக்கு உதவும் இடத்தில், நமது கடைப் பெயரோடு இருப்பது இயல்பு. நூறு தளங்களில் ஒரே மாதிரி 'மலிவு விலை பட்டுப்புடவை' என்று இருந்தால் அது செயற்கை என்று இயந்திரத்துக்கே தெரிந்துவிடும்.

4. தேடுபொறி என்ற ஒன்றே இல்லாவிட்டாலும் அந்த இணைப்பு வழியாக நமக்கு ஒரு வாடிக்கையாளர் வருவாரா? இது தலையாய கேள்வி. வருவார் என்றால் அது நல்ல இணைப்பு.

பெரிய கடைகளுக்கு நேர்ந்தது

விலைக்கு வாங்கிய இணைப்பு என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவின் ஜே.சி.பென்னி நிறுவனம் நல்ல பாடம். அப்போது ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிளைகள் கொண்டிருந்த பலசரக்கு அங்காடி அது. 2010ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில், அதாவது கிறிஸ்துமஸ் வியாபாரம் சூடாக நடக்கும் காலத்தில், கூகுளில் ஆடை, படுக்கை விரிப்பு, தரை விரிப்பு என்று எதைத் தேடினாலும் அந்தக் கடையே முதலில் வந்தது. 'சாம்சோனைட்' பயணப் பெட்டி என்று தேடினால், அதைத் தயாரிக்கும் சாம்சோனைட் நிறுவனத்துக்கும் மேலே இந்தக் கடை நின்றது.

2011 பிப்ரவரி 12ஆம் தேதி நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் இதன் பின்னணியை வெளியிட்டது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களில், பெரும்பாலும் ஆடைக்குச் சம்பந்தமில்லாதவற்றில், இந்தக் கடைக்கு இணைப்புகள் செருகப்பட்டிருந்தன. பத்திரிகை விஷயத்தைத் தெரிவித்ததும் கூகுள் நடவடிக்கை எடுத்தது. ஒரு புதன்கிழமை மாலை 7 மணிக்குப் பயணப் பெட்டித் தேடலில் முதலிடத்தில் இருந்த தளம், 9 மணிக்கு 71ஆம் இடத்தில் கிடந்தது. வரவேற்பறை மேசை நாற்காலித் தேடலில் முதலிடத்திலிருந்து 68க்கு இறங்கியது. இந்த இணைப்புகளுக்குத் தாங்கள் அனுமதி தரவில்லை என்று நிறுவனம் கூறியது; தளத்தைக் கவனித்துவந்த ஆலோசனை நிறுவனத்தையும் நீக்கியது. ஆனால் தண்டனை விழுந்தது கடைக்கு. ஏஜென்ட் செய்ததற்கும் முதலாளியே பொறுப்பு என்பதை நாம் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

அதே மாதத்தில் ஓவர்ஸ்டாக் என்ற இணைய அங்காடியும் சிக்கியது. கல்லூரித் தளங்களில் தனக்கு இணைப்பு போட்டால் மாணவருக்கும் ஆசிரியருக்கும் தள்ளுபடி என்று அது திட்டம் வைத்திருந்தது. ரொக்கமாகக் கொடுத்தாலும் தள்ளுபடியாகக் கொடுத்தாலும் இணைப்பை விலைக்கு வாங்கியதாகவே கூகுள் கொண்டது.

2013 பிப்ரவரியில் பிரிட்டனின் இன்டர்ஃப்ளோரா பூ விற்பனை நிறுவனம், காதலர் தினம் முடிந்த சில நாட்களில், தன் சொந்தப் பெயரைத் தேடினால்கூட கூகுளில் வரவில்லை. வட்டாரப் பத்திரிகைகளின் தளங்களில் செய்தி போன்ற விளம்பரங்களை ஏராளமாகப் போட்டு அவற்றில் இணைப்பு வைத்திருந்ததே காரணமாகச் சொல்லப்பட்டது. இணைப்புகளை நீக்க ஓடியாடிப் பாடுபட்டு, சுமார் பதினொரு நாட்களில், அன்னையர் தின வியாபாரத்துக்கு முன் அது மீண்டது. சிறிய கடைக்கு அத்தனை ஆள்பலம் ஏது? சீசன் நேரத்தில் பதினொரு நாள் கதவடைத்தால் நமது நிலை என்ன?

இப்போது நிலவரம் வேறு ஒரு வகையில் மாறியிருக்கிறது. 2012 ஏப்ரலில் 'பெங்குவின்' என்ற பெயரில் கூகுள் கொண்டுவந்த முறை, போலி இணைப்பு வைத்த தளங்களைக் கீழே தள்ளியது. 2016 செப்டம்பர் முதல் அது, தளத்தைத் தள்ளுவதைவிட அந்த இணைப்பை மதிப்பற்றதாக்கி விட்டுவிடுகிறது. ஆகவே இன்று ஆயிரம் இணைப்பு வாங்குபவருக்குப் பெரும்பாலும் தண்டனை வராது, பலனும் வராது. கணக்கில் ஆயிரம் என்று எழுதியிருக்கும், எடை பூஜ்யம். மிதமிஞ்சிப் போனால் கூகுள் ஊழியர்களே பார்த்துத் தண்டிப்பது இன்றும் உண்டு.

நம் கையில் உள்ள வழிகள்

நல்ல இணைப்பைச் சேர்க்கப் பெரும் பணம் தேவையில்லை. நமது கொடுக்கல் வாங்கலிலேயே பல வழிகள் இருக்கின்றன.

முதலாவது, நாம் சரக்கு எடுக்கும் கம்பெனிகள். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் தங்கள் தளத்தில் விற்பனையாளர் பட்டியல் வைத்திருக்கிறார்கள். அதில் நமது பெயர் இருக்கிறதா, தள முகவரி சரியாக இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் விற்பனைப் பிரதிநிதி வரும்போது எழுதிக் கொடுக்க வேண்டும். செலவு ஒன்றுமில்லை, தொழிலோடு நேரடித் தொடர்புள்ள இணைப்பு.

இரண்டாவது, நாம் ஏற்கனவே அங்கம் வகிக்கும் இடங்கள். வணிகர் சங்கம், தொழில் வர்த்தக சபை, பங்கேற்ற கண்காட்சி ஆகியவற்றின் உறுப்பினர் பட்டியல்களில் முகவரியைச் சேர்க்கச் சொல்லலாம்.

மூன்றாவது, நம்மைப் பற்றி வந்த செய்திகள். பத்திரிகைத் தளத்தில் கடைப் பெயர் இருந்தும் இணைப்பு இல்லையென்றால், பணிவாக ஒரு மடல் எழுதிக் கேட்கலாம். தள முகவரியை மாற்றியவர்கள், பழைய முகவரிக்கு வருவோரைப் புதியதற்கு நிரந்தரமாகத் திருப்பிவிடும் '301' ஏற்பாட்டைச் செய்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். கடை இடம் மாறும்போது பழைய கதவில் சீட்டு ஒட்டுவது போன்றது அது. செய்யாவிட்டால் பல வருடம் சேர்ந்த இணைப்புகள் வீணாகும்.

நான்காவது, பயனுள்ள ஒரு பக்கம். இதுவே நீண்ட நாள் பலன் தருவது. இரும்புக் கடையை எடுத்துக்கொள்வோம். கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் வரும். 8 மி.மீ. கம்பிக்கு 0.395, 10க்கு 0.617, 12க்கு 0.889, 16க்கு 1.58. அப்படியானால் 12 மீட்டர் நீளமுள்ள 12 மி.மீ. கம்பி ஒன்று 10.67 கிலோ இருக்க வேண்டும். ஐ.எஸ். 1786 தரத்தின்படி அந்தக் கம்பிக்கு 5 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம். இவ்விவரங்களைப் பட்டியலாக்கி, எடை குறைந்த கம்பியை வீடு கட்டுபவர் எப்படிக் கண்டுபிடிப்பது என்று நமது அனுபவத்தையும் சேர்த்து ஒரு பக்கம் போட்டால், மேஸ்திரியும் பொறியாளரும் பாலிடெக்னிக் மாணவரும் பிறருக்கு அதைக் காட்டுவார்கள். விலைப்பட்டியலுக்கு யாரும் இணைப்பு தரமாட்டார்கள். சந்தேகம் தீர்க்கும் பக்கத்துக்குத் தருவார்கள். ஜவுளிக்கும் மளிகைக்கும் மருந்துக்கும் இப்படித் தொழில் அறிவு உண்டு. கல்லாவில் உட்கார்ந்து தினமும் பத்து முறை சொல்லும் பதிலே நல்ல பக்கத்துக்கு விஷயம்.

ஐந்தாவது, கூகுள் வரைபடத்தில் கடையை இலவசமாகப் பதிவு செய்வது. அருகிலுள்ள கடைகளை வரிசைப்படுத்தும்போது பொருத்தம், தூரம், பிரபலம் ஆகிய மூன்றையும் பார்ப்பதாகக் கூகுள் கூறுகிறது. பிரபலத்தை அளக்க இணைப்புகளும் வாடிக்கையாளர் கருத்துகளும் உதவுகின்றன. கடைப் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லா இடங்களிலும் ஒன்றுபோல் இருக்கட்டும்.

விளம்பரம் கொடுப்பது தவறா என்று கேட்கலாம். தவறே இல்லை. காசு கொடுத்துப் போட்ட இணைப்பில் 'ஸ்பான்சர்டு' அல்லது 'நோஃபாலோ' என்ற குறியை உள்ளே சேர்க்கச் சொன்னால் போதும். அது தேடல் வரிசைக்கு உதவாது. ஆனால் ஆட்களைக் கொண்டுவரும்.

ஏஜென்ட் வைப்பவர்கள் கவனத்துக்கு

1. முதலிடம் உறுதி என்று சொல்பவரைத் தவிர்க்கவும். முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது.

2. எந்தெந்தத் தளத்தில் இணைப்பு வாங்கப்போகிறார் என்ற பட்டியலை முன்கூட்டியே எழுத்தில் கேட்கவும். 'அது தொழில் ரகசியம்' என்றால் அந்த வேலை நமக்கு வேண்டாம்.

3. தள முகவரிப் பதிவும், 'சர்ச் கன்சோல்' கணக்கும் நமது பெயரில் இருக்கட்டும். இது கூகுள் தரும் இலவச வசதி. நமக்கு யார் யார் இணைப்பு கொடுத்திருக்கிறார்கள், தண்டனை ஏதும் உண்டா என்பவற்றை அதில் பார்க்கலாம். மாதம் ஒருமுறை பார்ப்பது நல்லது.

4. தண்டனை வந்திருந்தால், போலி இணைப்புகளை நீக்கச் சொல்லி, செய்ததை விளக்கி மறுபரிசீலனைக்கு விண்ணப்பிக்கலாம்.

5. பலன் தெரிய நான்கு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகலாம் என்று கூகுள் தரப்பிலேயே 2017இல் சொல்லப்பட்டது. தவணையை அதற்கேற்ப, வேலையைப் பார்த்துக் கொடுக்கவும்.

ஒரு கடையின் பெயர் ஊருக்குள் பரவ வருடங்கள் ஆகின்றன. எடை சரியாக இருந்து, சொன்ன சொல் தவறாமல் இருந்தால், கேட்காமலே நாலு பேர் நமது கடையைக் கைகாட்டுகிறார்கள். இணையத்திலும் அதே வழிதான். இந்த மாதம் நமது சரக்குக் கம்பெனிகளின் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றின் தளத்திலும் நமது முகவரி இருக்கிறதா என்று பார்த்து, அந்த வேலையிலிருந்து தொடங்குவோம்.