துவரம்பருப்பின் மீது வீண்பழி

பௌர்ணமி கிரிவலம் முடித்த மறுநாள் கால் கட்டைவிரல் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகிறது என்பவருக்குத் திருவண்ணாமலையில் முதலில் கிடைக்கும் அறிவுரை, "சாம்பாரை நிறுத்து" என்பதுதான்.

நம்பிக்கை: இந்த வலிக்குக் காரணமான யூரிக் ஆசிட் சாப்பாட்டால் வருவது, பருப்பை விட்டால் போய்விடும்.

உண்மை: அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உடம்புக்குள்ளேயே உண்டாகிறது. பழைய செல்கள் அழியும்போது அவற்றின் டி.என்.ஏ.வில் உள்ள பியூரின்கள் சிதைந்து யூரிக் அமிலமாகின்றன. மலையேறும் வழியில் நம் கைப்பழத்தைப் பறிக்கும் நாட்டுக் குரங்குக்கும் இது நடக்கிறது. ஆனால் அதன் கல்லீரலில் யூரிகேஸ் என்ற என்சைம் இருக்கிறது. அது யூரிக் அமிலத்தை, நீரில் எளிதாகக் கரையும் அலன்டாயினாக மாற்றிவிடும். நமக்கும் அந்த என்சைமுக்கான மரபணு உண்டு, ஆனால் வேலை செய்வதில்லை. அதன் 33-வது குறியீட்டிலேயே 'நிறுத்து' என்ற கட்டளை விழுந்துவிட்டது. சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டானுக்கும் அதே இடத்தில் அதே பிழை. ஆக, இது சுமார் 1.5 கோடி ஆண்டுகளுக்கு முன் பொது மூதாதையிடம் நேர்ந்தது. கிப்பன்கள் வேறொரு பிழையால் தனியாக இழந்தன. 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பழங்கால யூரிகேஸ்களை ஆய்வகத்தில் மீண்டும் உருவாக்கிப் பார்த்தார்கள். மரபணு முற்றிலும் சாவதற்கு வெகுகாலம் முன்பே அதன் வேகம் படிப்படியாகக் குறைந்து வந்திருக்கிறது.

பெரும்பாலான பாலூட்டிகளின் 100 மி.லி. இரத்தத்தில் யூரிக் அமிலம் 1 மில்லிகிராம் அளவில்தான் இருக்கும். நமக்கு 3 முதல் 7 வரை. 6.8-ஐத் தாண்டினால் படிகம் படியலாம். குளிர்ந்த கட்டைவிரல் மூட்டு அதற்கு வசதியான இடம்; அப்படி வரும் வலிதான் கௌட்.

நம்பிக்கை: யூரிக் அமிலம் வெறும் கழிவு.

உண்மை: சிறுநீரகம் வடிகட்டும் யூரிக் அமிலத்தில் சுமார் 90 விழுக்காட்டை இரத்தத்துக்கே திருப்பி அனுப்புகிறது. வெறும் கழிவுக்கு உடம்பு இவ்வளவு பாடுபடுமா? அது ஆக்ஸிஜனேற்ற எதிர்ப்பியாக உதவுகிறது என்றார் விஞ்ஞானி புரூஸ் ஏம்ஸ் (1981). உப்பு குறைந்த உணவிலும் இரத்த அழுத்தத்தைக் காத்தது, பழச்சர்க்கரையைக் கொழுப்பாகச் சேர்க்க உதவியது என்றும் கருத்துகள் உண்டு. எதுவும் இன்னும் முடிவாகவில்லை. மனித அறிவு வளர்ந்ததே யூரிக் அமிலத்தால்தான் என்று 1955-இல் ஓரோவான் என்பவர் எழுதியதை மட்டும் நான் ஏற்கமாட்டேன்; கிப்பனுக்கும் யூரிகேஸ் இல்லையே!

பருப்புக்கு வருகிறேன். 47,150 ஆண்களை அமெரிக்காவில் 12 ஆண்டுகள் கவனித்து 2004-இல் வெளியிட்ட ஆய்வில், இறைச்சியும் கடல் உணவும் கௌட் அபாயத்தைக் கூட்டின. பருப்பு உள்ளிட்ட பியூரின் மிகுந்த தாவர உணவுகள் கூட்டவில்லை. பால் பொருட்கள் குறைத்தன. சர்க்கரையில் பாதி, பழச்சர்க்கரையான ஃபிரக்டோஸ். அதைக் கல்லீரல் எரிக்கும்போதும் யூரிக் அமிலம் எழும். ஆகவே கிரிவலப் பாதையில் கரும்புச்சாறு வாங்குவதற்குப் பதில் நீர்மோர் குடியுங்கள். வலி திரும்பத் திரும்ப வந்தால், இரத்தத்தில் யூரிக் அமில அளவை 6-க்குக் கீழே வைக்க மருந்து தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.