காற்றிலுள்ள காபன் துணிக்கைகளை அளத்தல்

நிறைக்குத் தராசும் நீளத்துக்கு அளவுகோலும் இருத்தல்போலக் காற்றில் மிதக்கும் காபன் துணிக்கைகளை அளப்பதற்கும் ஐயமற்ற கருவியொன்று உண்டெனப் பலரும் எண்ணுவர். உண்மை அவ்வாறன்று. ஒரே காற்றை இரு முறைகளால் அளந்தால் இரு வேறு எண்கள் கிடைத்தல் கூடும். அதன் காரணத்தை ஈண்டு ஆராய்வாம்.

1952 ஆம் ஆண்டு டிசெம்பர் 5 முதல் 9 வரை இலண்டன் மாநகரை நிலக்கரிப் புகை செறிந்த மூடுபனி சூழ்ந்தது. ஏறத்தாழ 4,000 பேர் மாண்டனரென அக்காலத்திற் கணித்தனர். பிற்கால ஆய்வொன்று அத்தொகையை 12,000 வரை உயர்த்திற்று. 1956 இல் தூய காற்றுச் சட்டம் பிறந்தது. அந்நாளிற் பிரித்தானியர் புகையை அளந்த முறை எளியது. காற்றை வெண்ணிற வடிதாளினூடாக இழுத்து, தாளிற் படிந்த கறையின் கருமையை ஒளித்தெறிப்பால் அளந்தனர். கருமையை நிறையாக மாற்றும் அட்டவணை நிலக்கரிப் புகையை ஆதாரமாகக் கொண்டது. நிலக்கரி அடுப்புகள் அருகி டீசல் வண்டிகள் பெருகியபோது புகையின் இயல்பு மாறிற்று. ஆதலின் பழைய அட்டவணை தந்த எண், துணிக்கைகளின் மெய்யான நிறையைக் காட்டாதாயிற்று.

காபனையே நேரே அளக்க விரும்புவோர் குவார்ட்சு நாரினாலான வடியைக் கையாள்வர். அது மிக்க வெப்பத்தைத் தாங்கும். முன்னரே சுட்டு, அதிலுள்ள காபனை நீக்கிவிடலாம். எனினும் இங்கும் இரு வழுக்கள் உள. காற்றிலுள்ள சேதன ஆவிகள் வடியில் ஒட்டிக்கொள்வதால் அளவு மிகும்; பிடிபட்ட துணிக்கைகளின் ஒரு பகுதி ஆவியாகி அகல்வதால் அளவு குறையும். முதலாவதைக் களைய, பின்னால் இரண்டாவது வடியொன்றை வைத்து அதன் அளவைக் கழிப்பர். ஆனால் முன்வடியிலிருந்து ஆவியாகியதும் பின்வடியிற் சேருமாதலின், கழித்தல் மிகையாதலும் உண்டு. ஆவியை முன்னரே நீக்க, கிளர்வுற்ற கரி பூசிய குழாயினூடாகக் காற்றைச் செலுத்துவது மற்றொரு வழி. அப்போது ஆவியற்ற காற்றிலே துணிக்கைகள் மேலும் ஆவியாகும். ஒரு வழுவைத் திருத்த மற்றொன்று வளர்கின்றது.

மாதிரியைச் சேர்த்தபின் அதனைப் பகுக்க வேண்டும். வடியை முதலில் ஈலியத்திற் சூடாக்கினால் சேதனக் காபன் வெளியேறும். பின்னர் ஒட்சிசன் கலந்து சூடாக்கினால் மூலகக் காபன் எரியும். சேதனப் பொருளிற் சிறிது முதற்கட்டத்திலேயே கரியாகிவிடுவதால், இலேசர் ஒளிகொண்டு வடியின் கருமையைக் கண்காணித்து எல்லையை நிர்ணயிப்பர். அமெரிக்காவில் வழங்கும் முறைகளுள் ஒன்று ஈலியத்தில் ஏறத்தாழ 550 பாகை செல்சியசு வரையும், மற்றொன்று 850 பாகை அல்லது அதற்கு மேலும் செல்லும். ஐரோப்பா 2017 இல் 650 பாகை வரை செல்லும் முறையை நியமமாக்கிற்று. மொத்தக் காபன் இம்முறைகளில் பெரும்பாலும் ஒத்துவரும். மூலகக் காபனோ உயர்வெப்ப முறையிற் பாதியளவாகக் குறைதலும் உண்டு.

ஈதலோமீற்றர் என்னும் கருவி, நாடாவிற் படியும் துணிக்கைகள் 880 நனோமீற்றர் அலைநீள ஒளியை எவ்வளவு தடுக்கின்றன என்பதைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை காட்டும். வண்டிகள் பெருகும் காலைப்பொழுதின் ஏற்றத்தைக் காண அதுவே தக்கது. எனினும் அது நிறையை அளப்பதில்லை. ஒளியுறிஞ்சலை அளந்து, ஒரு மாறிலியால் நிறையாக மாற்றுகின்றது. இலண்டன் வடிதாளின் பழைய சிக்கல் இங்கும் வேறு வடிவிற் தொடர்கின்றது.

இவற்றுள் எது சிறந்தது? நோக்கத்தைச் சொல்லாமல் விடை கூறலாகாது. நாளின் ஏற்றத்தாழ்வுக்கு ஒளிமுறை; சேதனக் காபனையும் மூலகக் காபனையும் பிரித்தறிய வடிமுறை. இரண்டையும் ஒரே இடத்தில் அருகருகே இயக்கி ஒப்பிடுதல் நன்று.

உலக சுகாதார நிறுவனம் 2021 இல் வெளியிட்ட வழிகாட்டியிற் கரிய காபனை அளந்துவருமாறு அறிவுறுத்திற்று. எல்லை எண் எதனையும் விதிக்கவில்லை. எதிர்காலத்தில் ஒரு நாடு எல்லை வகுக்குமாயின், அளவுமுறையையும் உடன் வகுத்தல் வேண்டும். இன்றேல் ஒரு நகரின் காற்று ஒரு முறையால் நல்லதெனவும், மற்றொன்றால் தீயதெனவும் தீர்க்கப்படும்; அதனைச் சுவாசிக்கும் குழந்தையின் நுரையீரலுக்கோ காற்று ஒன்றே. ஆதலின் மாணவர்காள், காற்றைப் பற்றிய எண்ணொன்றைக் காணுந்தோறும், எம்முறையால் அளந்தது என முதலில் வினவுவீராக.