மோட்டாருக்கு ஏற்ற பிரேக்கரும் வயரும்

பியூஸ் அடிக்கடி போகிறதென்று செப்பு இழைகளை முறுக்கிப் போடுவோர் உண்டு. பிரேக்கர் விழுந்தால் 32 ஆம்பியருக்கு மாற்றுவோரும் உண்டு. சில நாளில் காயில் கருகி ரீவைண்டிங் கடைக்குப் போகும். நடுவில் பயிர் வாடும்.

5 குதிரைத்திறன் மும்முனை மோட்டார் முழுச் சுமையில் இழுப்பது சுமார் 7.5 ஆம்பியர்தான். சரியான அளவு மோட்டாரின் பெயர்த்தகட்டில் இருக்கும். இதற்கு 2.5 சதுர மி.மீ. செப்பு வயர் போதும். ஆனால் 100 மீட்டருக்குச் சுமார் 10 வோல்ட் குறையும். கிணறு 200 மீட்டர் தள்ளி இருந்தால் 4 சதுர மி.மீ. போடுவது நலம். வோல்ட் குறைந்தால் மோட்டார் கூடுதல் மின்சாரம் இழுத்துச் சூடேறும்.

கிளம்பும் நொடியில் மோட்டார் ஆறு மடங்கு வரை இழுக்கும். 'பி' வகைப் பிரேக்கர் இதற்கே விழுந்துவிடலாம். 'சி' வகை 16 ஆம்பியர் பிரேக்கர் தாங்கும். கடையில் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

ஆனால் பிரேக்கர் காப்பது வயரைத்தான். ஓடும்போது ஒரு பேஸ் போய்விட்டால் மற்ற இரண்டிலும் 13 ஆம்பியர் வரை ஏறும். 16 ஆம்பியர் பிரேக்கர் அசையாது, காயில் வெந்துவிடும். மோட்டாரைக் காப்பது ஸ்டார்ட்டரில் உள்ள ஓவர்லோடு ரிலே. நேரடி ஸ்டார்ட்டரானால் அதன் முள்ளைப் பெயர்த்தகட்டில் உள்ள ஆம்பியரில் வைக்க வேண்டும். பலர் கடைசிவரை திருகி வைத்திருப்பதைப் பார்க்கிறோம். அது ரிலே இல்லாததற்குச் சமம்.

ரிலே விழுந்தால் முள்ளை ஏற்றாதீர்கள். பம்ப் அறையில் மூன்று விளக்குகளும் எரிகின்றனவா என்று முதலில் பாருங்கள். எரிந்தால், மெயினை அணைத்துவிட்டு, பம்ப் கையால் சுலபமாகச் சுற்றுகிறதா என்று பாருங்கள்.