மேலைக் கடல் தீவுகளுக்குப் பயணம்

அறிவை வளர்க்கும் வழிகளுள் பயணமும் ஒன்று. ஆயினும், புறப்பட்டுச் சென்று திரும்புதல் மட்டுமே பயணம் ஆகாது. செல்லும் நாட்டின் இயல்பையும், அங்கு வாழ்வோரின் தொழில், வழக்கம், மொழி ஆகியவற்றையும் முன்னரே அறிந்து செல்வோரே முழுப் பயனையும் அடைவர். எளிதிற் சென்று சேர இயலாத தீவுகளுக்குச் செல்வோர்க்கு இவ்வுண்மை மிகுதியும் பொருந்தும். அத்தகைய தீவுக் கூட்டம் ஒன்று ஸ்காட்லாந்து நாட்டின் வடமேற்கே, அட்லாண்டிக் மாகடலில் உளது. அதனை வெளி ஹெப்ரிடீசுத் தீவுகள் என்பர். கேலிக் என்னும் பழைய மொழி இன்றும் வீட்டிலும் வீதியிலும் வழங்கும் இடம் அது.

தீவுகளின் அமைப்பு

இத்தீவுகள் வடக்கு தெற்காக ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவுக்கு ஒரு மாலைபோல் அமைந்துள்ளன. வடக்கே லூயிஸ், ஹாரிஸ் என்பன உள்ளன. பெயர் இரண்டாயினும் இவை ஒரே நிலப்பரப்பாகும். அவற்றிற்குத் தெற்கே வட யூயிஸ்ட், பென்பெக்குலா, தென் யூயிஸ்ட், எரிஸ்கே, பாரா முதலிய தீவுகள் வரிசையாக அமைந்துள்ளன. எல்லாத் தீவுகளிலும் சேர்ந்து வாழும் மக்கள் ஏறத்தாழ 26,000 பேரே. லூயிஸ் தீவிலுள்ள ஸ்டோர்னோவே இவற்றின் தலைநகர் ஆகும்.

இந்நிலத்துப் பாறைகளுள் சில ஏறத்தாழ 300 கோடி ஆண்டுப் பழமை உடையன. உள்நிலம் பெரும்பாலும் ஏரிகளும் சதுப்பும் நிறைந்தது. அங்கே செடிகொடிகள் நெடுங்காலம் நீரில் ஊறி மக்கியதால் உண்டான கரிய மண் பரந்து கிடக்கின்றது. பீட் என்னும் அம்மண்ணை மக்கள் கட்டிகளாக வெட்டி, காற்றில் உலர்த்தி, அடுப்பெரிக்கப் பயன்படுத்துவர். மேற்குக் கரையின் அழகோ வேறு. அலைகள் கிளிஞ்சல்களைப் பொடியாக்கிக் கரையில் சேர்க்கின்றன. காற்று அப்பொடியை உள்நிலத்தில் தூவுகின்றது. அதிலுள்ள சுண்ணாம்பு, பீட் மண்ணின் புளிப்பைத் தணித்து வளம் தருகின்றது. மாக்கர் எனப்படும் அப்புல்வெளி, வேனிற்காலத்தில் பன்னிற மலர்கள் பூத்துப் பாய் விரித்தாற்போல் விளங்கும்.

காலமும் வழியும்

இத்தீவுகளுக்குச் செல்லத் திட்டமிடுவோர் முதலில் காலத்தை ஆராய்தல் வேண்டும். ஜூன் மாதத்தில் ஸ்டோர்னோவேயில் பகற்பொழுது ஏறத்தாழ 18 மணி நேரம் நீளும். குளிர்காலத்திலோ அது 7 மணி நேரத்தினும் குறைந்துவிடும், புயற்காற்றும் மிகும். ஆதலின், மே, ஜூன் மாதங்களையே பலரும் விரும்புவர். அப்பொழுதும் கம்பளி உடையும் மழைச் சட்டையும் இன்றியமையாதன.

அடுத்து, வழியை ஆராய்தல் வேண்டும். உல்லாபூல் துறைமுகத்திலிருந்து ஸ்டோர்னோவேக்கும், ஸ்கை தீவிலிருந்து ஹாரிசுக்கும் வட யூயிஸ்டுக்கும், ஓபன் துறைமுகத்திலிருந்து பாராவிற்கும் கப்பல்கள் செல்கின்றன. வடக்கே இறங்கித் தெற்கு நோக்கிச் செல்வோர், ஹாரிசிலிருந்து சிறு கப்பல் ஒன்றில் பெர்னரே என்னும் தீவை அடையலாம். அங்கிருந்து எரிஸ்கே வரையில் கடலிடையே அமைந்த சாலைகள் தீவுகளை இணைக்கின்றன. எரிஸ்கேயினின்று பாராவிற்கு மீண்டும் கப்பல் உண்டு.

பாராவின் விமான நிலையம் வியப்புக்கு உரியது. அங்கே விமானங்கள் கடற்கரை மணலிலேயே இறங்குகின்றன. கடல் பெருகுங்கால் அம்மணற்பரப்பு நீரில் மூழ்கிவிடும். ஆகவே, விமானம் வரும் நேரத்தைக் கடலின் ஏற்ற வற்றமே வரையறுக்கின்றது. கப்பல்களும் அவ்வாறே, காற்று மிகுந்தால் புறப்படா. மனிதன் வகுத்த திட்டத்தைக் கடலும் காற்றும் திருத்தும் நாடு இது. ஒரிரு நாள்களை மிகுதியாக ஒதுக்கிக்கொண்டு செல்வதே அறிவுடைமை.

மக்களின் வழக்கமும் திட்டத்தில் இடம்பெறல் வேண்டும். லூயிஸ், ஹாரிஸ், வட யூயிஸ்ட் ஆகியவற்றில் புராட்டஸ்டண்டுச் சமயத்தார் மிகுதி; அவர்களுள் பலர் ஞாயிற்றுக்கிழமையை முழு ஓய்வு நாளாகப் போற்றுவர். உல்லாபூலுக்கும் ஸ்டோர்னோவேக்கும் இடையே ஞாயிறன்று முறையாகக் கப்பல் ஓடத் தொடங்கியதே 2009 ஆம் ஆண்டில்தான். இன்றும் அந்நாளில் பல கடைகள் மூடியிருக்கும். தெற்கிலுள்ள தென் யூயிஸ்டிலும் பாராவிலும் கத்தோலிக்கர் மிகுதி; அங்கே அத்துணைக் கட்டுப்பாடு இல்லை.

காணத் தக்கவை

லூயிசில் கலானிஷ் என்னுமிடத்தில், ஏறத்தாழ 5,000 ஆண்டுகட்கு முன் நாட்டப்பெற்ற நெடுங்கற்கள் வட்டமாக நிற்கின்றன. அத்தீவின் மேற்குக் கரையில் கேரனின் என்னும் சிற்றூர் உளது. தடித்த கற்சுவர்களும் வைக்கோற் கூரையும் உடைய பழைய வீடுகளை அங்கே காணலாம். முற்காலத்தில் இத்தகைய வீட்டின் ஒரு புறத்தில் மக்களும் மறுபுறத்தில் மாடுகளும் வாழ்ந்தனர். இன்று அவ்வூர் வீடுகள் சில செப்பனிடப்பெற்றுப் பயணிகள் தங்கும் விடுதிகளாக உதவுகின்றன.

ஹாரிஸ் ட்வீடு என்னும் கம்பளித் துணி உலகப் புகழ் பெற்றது. இத்தீவுகளில் வாழ்வோர் தம் இல்லங்களிலேயே கைத்தறியில் நெய்த துணிக்கு மட்டுமே அப்பெயர் உரியது என 1993 ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்துள்ளது.

கடல் அமைதியாக இருப்பின், மேற்கே ஏறத்தாழ 64 கிலோமீட்டர் தொலைவிலுள்ள செயின்ட் கில்டா தீவையும் காணலாம். கேலிக் பேசிய மக்கள் பல நூற்றாண்டுகள் அங்கே வாழ்ந்தனர். கடற்பறவைகளே அவர்தம் பெரும் உணவு. நாளடைவில் அவர்தம் தொகை குறைந்தது. எஞ்சிய 36 பேரும், 1930 ஆம் ஆண்டு ஆகஸ்டு 29 ஆம் நாள், தம் வேண்டுகோளின்படியே கப்பலேறி அத்தீவை விட்டு நீங்கினர். கூரையற்ற வீடுகள் இன்றும் அங்கே வரிசையாக நிற்கின்றன. பேசுவோர் நீங்கிய ஊரின் அமைதியை அங்கே உணரலாம்.

மொழியின் நிலை

அவ்வமைதி பிற தீவுகளிலும் பரவாதிருத்தல் வேண்டும் என்பதே இத்தீவு மக்களின் கவலை. 1872 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் கேலிக் மொழிக்கு இடம் அளிக்கவில்லை. பள்ளியில் தாய்மொழி பேசிய சிறுவர் தண்டிக்கப்பட்டதும் உண்டு. பின்னர், 2005 ஆம் ஆண்டிலும் 2025 ஆம் ஆண்டிலும் இயற்றப்பெற்ற சட்டங்கள் அம்மொழிக்கு உரிமை நல்கின. கேலிக் வழியே கற்பிக்கும் வகுப்புகளும் இன்று நடைபெறுகின்றன. எனினும், இத்தீவுகளில் 2011 ஆம் ஆண்டில் நூற்றுக்கு 52 பேராக இருந்த கேலிக் பேசுவோர், 2022 ஆம் ஆண்டில் 45 பேராகக் குறைந்தனர். இளைஞர் தொழில் நாடி வெளியேறுகின்றனர். ஓய்வு நாள்களைக் கழிக்க வருவோர் வீடுகளை விலைக்கு வாங்குவதால், ஊரில் தங்க விரும்புவோர்க்கும் வீடு கிடைத்தல் அரிதாகின்றது.

மற்றொரு காரணமும் உண்டு. பலர் கேலிக்கில் உரையாடும் இடத்திற்கு அம்மொழி அறியாத ஒருவர் வரின், அவர் பொருட்டு அனைவரும் ஆங்கிலத்திற்கு மாறிவிடுவர். இது விருந்தினரைப் போற்றும் நற்பண்பு. ஆயினும் அப்பண்பே மொழியின் வழக்கைக் குறைக்கின்றது.

ஆதலின், பயணி சுமந்து செல்லும் பொருள்களுள் சில கேலிக் சொற்களும் இருத்தல் நன்று. மோர் என்பது பெரியது. பெக் என்பது சிறியது. ட்ராய் என்பது கடற்கரை. பாராவில் விமானம் இறங்கும் கரையின் பெயர் ட்ராய் வோர். பெண்பாற் பெயரின்பின் வருங்கால் மோர் என்பது வோர் எனத் திரியும். இவ்வாறு சில சொற்களை அறிந்தவர்க்கு நிலப்படத்திலுள்ள பெயர்கள் பொருள் விளங்கித் தோன்றும். நன்றி கூறுங்கால், ஒத்தோரிடம் தபா லெத் என்றும், பெரியோரிடம் தபா லேவ் என்றும் கூறுதல் மரபு.

அயலார் வாயினின்று தம் மொழிச் சொல் ஒன்று பிறக்கக் கேட்கும் முதியவர், தம் மொழியையும் மதிப்போர் உளர் என அறிவார். கண்டு களிக்க மட்டும் செல்வோர் காட்சியோடு திரும்புவர். மொழியை மதித்துச் செல்வோரோ அம்மக்களின் நட்பையும் பெற்றுத் திரும்புவர்.