கீழே ஒரு பெஞ்சு

அன்புள்ள நண்பருக்கு,

திருத்தணி முருகன் கோயிலில் 2021 முதல் நாள் முழுக்க அன்னதானம் நடக்கிறதே, அடிவாரத்தில் இத்தனை டிபன் கடைகள் எதற்கு என்று கேட்டிருந்தீர்கள்.

அன்னதானம் பெரிய காரியம். பசியோடு படியேறியவர் வயிறு நிறைந்து இறங்குகிறார்; கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் ஊர் கீழே இருக்கிறது. சென்னைக்கு விடியற்கால மின்சார ரயிலைப் பிடிப்பவர், திருப்பதி பஸ்ஸின் கண்டக்டர், சுற்றுப்புறத் தறிகளில் இரவு வேலை முடித்தவர், பிள்ளைகள் வெளியூர் போய்விட்ட பெரியவர், இவர்கள் தினமும் மலையேற முடியுமா? கடையில் காசு கொடுத்துச் சாப்பிடுகிறவர், "இன்னும் கொஞ்சம் சட்னி ஊத்துங்க" என்று உரிமையோடு கேட்கலாம். சாம்பார் ஆறிப்போனால் கோபித்துக்கொள்ளலாம். கையில் பணமில்லாத வாரம் கணக்கில் எழுதச் சொல்லலாம். இரண்டு நாள் வராவிட்டால், "ஐயாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று விசாரிக்க அங்கே ஓர் ஆள் இருக்கிறார்.

அந்தக் கடைகளின் பெஞ்சில் யாரும் யார் பக்கத்திலும் உட்காரலாம் என்பது லேசில் வந்ததல்ல. ரயில் நிலையச் சாப்பாட்டு அறைகளில் பிராமணருக்குத் தனி இடம் 1941 வரை இருந்தது. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை நீக்கச் சொல்லிப் பெரியாரின் தொண்டர்கள் மாதக்கணக்கில் மறியல் செய்து சிறை போனார்கள். அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு, சாதி, மதம் போன்ற காரணங்களைக் காட்டி உணவகத்துக்குள் நுழைய யாரையும் தடுக்கக் கூடாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. சட்டம் வந்த பின்னும் எத்தனையோ கிராமத்து டீக்கடைகளில் இரட்டைக் குவளை நீடித்தது. அதனால்தான் ஒரே வரிசையில் தோளுரசிச் சாப்பிடுவதை நான் சின்ன விஷயமாக நினைப்பதில்லை.

திருத்தணிக்கு இன்னொன்றும் உண்டு. ம.பொ.சி. முதலானோரின் போராட்டத்துக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1இல் இந்த ஊர் சித்தூர் மாவட்டத்திலிருந்து நம் மாநிலத்துக்கு வந்தது. அந்தப் போராட்டம் நியாயமானது. என்றாலும் ஆந்திரத்தின் நகரியும் புத்தூரும் பக்கத்திலேயே இருக்கின்றன. அங்கிருந்து வருகிறவர் தெலுங்கில் கேட்டாலும் தோசை அதே சூட்டில்தான் வருகிறது.

ஆடிக் கிருத்திகைக்கு வருவதாக எழுதியிருக்கிறீர்கள். வாருங்கள், கீழே சாப்பிடுங்கள். அத்துடன் ஓர் உதவி. கூட்டத்தைக் காட்டித் தள்ளுவண்டிக் கடைகளை அப்புறப்படுத்தும் பேச்சு உங்கள் ஊரில் எழுந்தால், 2014ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டத்தை எடுத்துக்காட்டுங்கள். அதன்படி அமையும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகள் இருக்க வேண்டும். அந்தக் குழு கூடியதா என்று கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்