அரம் – வில்லுக்கு உருவம் கொடுக்கும் கருவி

நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் பெயரிலேயே வில் இருக்கிறது. வில்லி என்ற வேடர் தலைவர் காட்டைத் திருத்தி உண்டாக்கிய ஊர் என்று தலவரலாறு சொல்கிறது. கோயில் கொடை என்றால் நம்ம பக்கம் வில்லுப்பாட்டும் உண்டு. பாட்டுக்காரரை எல்லோருக்கும் தெரியும். அந்த வில்லைச் செய்கிற கருவியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அதனால் இந்த வாரம் மர அரம் பற்றி எழுதுகிறேன். எங்க பெரியப்பா தச்சு வேலை செய்கிறவர். அவரிடம் கேட்டதும், பாடத்தில் படித்ததும் இதில் இருக்கிறது.

மர அரம் என்றால் என்ன?

இரும்பு ராவுகிற அரத்தில் பற்கள் வரி வரியாகக் கோடு போட்ட மாதிரி இருக்கும். மர அரத்தில் அப்படி இல்லை. ஒவ்வொரு பல்லும் தனித்தனியாக முள் மாதிரி எழுந்து நிற்கும். அதனால்தான் மரத்தை வேகமாகத் தின்னும். பிரான்ஸ் நாட்டில் இன்னும் சில பட்டறைகளில் சுத்தியலும் உளியும் வைத்து ஒவ்வொரு பல்லாகக் கையாலேயே அடிக்கிறார்கள். பற்கள் ஒரே நேர்கோட்டில் வராமல் கொஞ்சம் முன்னே பின்னே இருப்பதால் மரத்தில் பள்ளக்கோடு விழாது.

திருவள்ளுவரும் அரத்தைச் சொல்லியிருக்கிறார். உட்பகை உள்ள குடும்பம், அரம் ராவிய உலோகம் போலக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும் என்பது அவர் கருத்து.

எந்தப் பக்கம் ராவ வேண்டும்?

இதுதான் முக்கியமான பாடம். வெளியே வைரம் உள்ளது புல், உள்ளே வைரம் உள்ளது மரம் என்று தொல்காப்பியம் பிரிக்கிறது. தேக்குக்கு வைரம் உள்ளே. பனைக்கும் மூங்கிலுக்கும் வைரம் வெளியே. பனையின் உள்ளே வெறும் சோறுதான். வில்லுப்பாட்டு வில்லைப் பனை வைரத்தில் செய்வது பழைய வழக்கம். அம்பு விடும் வில்லுக்கு மூங்கில். நம் நாட்டு வில்வித்தைப் போட்டியில் ‘இந்தியன் ரவுண்டு’ என்ற பிரிவே மூங்கில் வில்லுக்கு உண்டு.

வில் வளையும்போது வெளிப்பக்கம் இழுபடும், உட்பக்கம் அமுங்கும். இழுபடும் பக்கத்தில் நார் அறுந்தால் அங்கிருந்துதான் வில் ஒடியும். அதனால் வெளித்தோலில் அரம் படவே கூடாது. உட்பக்கம் மட்டும்தான் ராவ வேண்டும்.

ஒரு கணக்கு

பட்டையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடியைப் பொறுத்தது. 20 மி.மீ. தடிமனை 18 மி.மீ. ஆக்கினால்:

18 × 18 × 18 = 5832
20 × 20 × 20 = 8000
5832 ÷ 8000 = 0.729

தடிமன் குறைந்தது 10 சதவீதம்தான். விறைப்போ 27 சதவீதம் போச்சு! 10 மி.மீ. ஆகிவிட்டால் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதனால்தான் பெரியப்பா நாலு இழுப்பு ராவுவார், வளைத்துப் பார்ப்பார், மறுபடி நாலு இழுப்பு. கேட்டால், “ராவி எடுத்தத திரும்ப ஒட்ட முடியாதும்மா” என்பார்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

1. அரைவட்ட அரமாகப் பார்த்து வாங்கணும். ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் வளைவு. கைப்பிடி இடத்தில் குழிவாக ராவ வளைவுப் பக்கம் உதவும்.
2. முதலில் பெரும்பல் அரம், பிறகு சிறுபல் அரம். ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நடுத்தரப் பல்.
3. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கணும். பல் நுனி பளபளத்தால் அது மழுங்கியது.
4. கண்ணுக்கு நேராகப் பிடித்துக் கோணல் இருக்கிறதா என்று பார்க்கணும்.

பராமரிப்பு

1. பிடி போடாத அரத்தைத் தொடவே கூடாது. அரம் திடீரென்று தடுக்கி நின்றால் அதன் கூரான வால் உள்ளங்கையில் ஏறிவிடும்.
2. முன்னால் தள்ளும்போதுதான் பல் வெட்டும். திரும்பும்போது தூக்கிக்கொள்ளணும். இழுத்துத் தேய்த்தால் பல் சீக்கிரம் மழுங்கும்.
3. ஆணி இருக்கிற மரத்தில் போடக் கூடாது. இரும்பு பட்டால் பல் போயிடும்.
4. பல்லில் அடைத்த தூளைப் பழைய பல் பிரஷால் எடுக்கணும். வாயால் ஊதினால் கண்ணில் விழும். பிசின் ஒட்டினால் மண்ணெண்ணெயில் ஊற வைத்துத் தேய்க்கலாம். அடுப்புப் பக்கம் கூடாது.
5. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் துரு ஏறும். லேசாக எண்ணெய் தடவித் துடைத்து வைக்கணும். அதிகம் தடவினால் தூள் ஒட்டும்.
6. அரங்களை ஒன்றின் மேல் ஒன்று போடாமல் தனித்தனித் துணியில் சுற்றணும். கெட்டியான எஃகு என்பதால் கீழே விழுந்தாலும் உடையும். நெம்பவும் கூடாது.

ராவி முடித்ததும் அரத்தின் கீறலை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுக்க வேண்டும். குறுக்குக் கீறல் விட்டுவிட்டால் நாளைக்கு அதுவே வெடிப்பாகும்.

ஏன் இவ்வளவு கவனம்?

பனை நம் மாநில மரம். அது வைரம் பாயப் பல பத்து வருடம் ஆகும். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று தமிழக அரசு 2021-இல் அறிவித்தது. மழுங்கிய அரத்தால் ஒரு வில் வீணானால் நம்ம தாத்தா காலத்து மரம் ஒன்று வீணாகிறது. மேற்கே மலைக்காடும் 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகமாகிவிட்டது. காட்டில் போய் மூங்கில் வெட்டக் கூடாது. கையில் இருக்கிற மரத்தை வீணாக்காமல் செய்வதுதான் வழி.

இன்னொன்று. “பொட்டப்புள்ளைக்கு அரம் எதுக்கு?” என்று பக்கத்து வீட்டு ஆச்சி கேட்டாங்க. கன்னியாகுமரி மாவட்டத்தில் பூங்கனி அம்மா சின்ன வயசிலேயே வில்லடிக்க உட்கார்ந்து பல ஆண்டுகள் பாடினார். 2018-இல் காலமானார். வில்லை அடிக்கிற கை அரத்தையும் பிடிக்கும்தானே?

யோசித்துப் பாருங்கள்: 20 மி.மீ. பட்டையை 16 மி.மீ. ஆக்கினால் விறைப்பு எத்தனை சதவீதம் குறையும்? விடையைக் கணக்கு டீச்சரிடம் காட்டுங்கள்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி