குறுநாடக மாலை

மாலை என்னுஞ் சொல் பொழுதையும் குறிக்கும். தொடுத்த மலர்களையும் குறிக்கும். ஓரங்க நாடகங்கள் மூன்று நான்கினை ஒரே பொழுதில் அரங்கேற்றும் நிகழ்ச்சிக்கு இவ்விரு பொருளும் இயைவனவாம். மலர் நல்லதாயினும் தொடுப்போன் கை நன்றாயிராவிடின் மாலை சிறவாது. அவ்வாறே தனித்தனியே நல்ல நாடகங்களும் நிரல்பட வையாக்கால் அவையோர்க்குச் சோர்வையே விளைவிக்கும். ஆகலின், குறுநாடக மாலையொன்றில் அவையோர் உள்ளத்தைக் கிளரச் செய்வன யாவை என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

முதலாவது, சுருக்கம். ஓரங்க நாடகம் நெடுநாடகத்தினின்று அறுத்தெடுத்த துண்டன்று, தன்னளவில் நிறைவுடையது. அதில் முன்கதை விரிக்க நேரமில்லை. திரை எழும்போதே சிக்கலும் எழுதல் வேண்டும். அயர்லாந்து நாட்டு டப்ளின் நகரில் ஆபி அரங்கு 1904 டிசம்பர் 27-ஆம் நாள் திறக்கப்பெற்றது. அன்று நடிக்கப்பெற்ற குறுநாடகங்களுள் கிரகரி சீமாட்டியார் இயற்றிய ‘செய்தி பரவுதல்’ என்பதும் ஒன்று. சந்தைக்கு வந்த ஒருவன், அயலான் மறந்துவைத்த வைக்கோல் வாரியைக் கொடுக்க அவன் பின்னே ஓடுகின்றான். செவி மந்தமான கடைக்காரி அதனைப் பிறழக் கேட்கின்றாள். வாய்க்கு வாய் வளர்ந்து அச்செய்தி கொலையாகி விடுகின்றது. போலீசாரும் வந்தபின், கொலையுண்டதாகச் சொல்லப்பட்டவன் பாடிக்கொண்டே வந்து சேருகின்றான்! வடசேரிச் சந்தையை அறிந்த நம்மவர்க்கு இக்கதையை விளக்க உரையாசிரியர் வேண்டுவதில்லை.

இரண்டாவது, மாறுபாடு. பாரிசு நகரில் 1897-இல் தோன்றி 1962 வரை நடைபெற்ற கிராண்ட் கின்யோல் அரங்கினர், ஓரிரவில் ஐந்தாறு குறுநாடகங்களை ஆடுவர். அச்சம் தரும் நாடகத்தை அடுத்து நகை தருவதொன்றை வைப்பது அவர் வழக்கம். வெந்நீரும் தண்ணீரும் மாறி மாறி வார்த்தாற்போல அஃது அவையோரை உறங்கவிடாது. இம்முறை நமக்குப் புதியதன்று. நம் நாஞ்சில் நாட்டில் இராமகாதையைப் பல இரவுகள் ஆடும் தோற்பாவைக் கூத்தர், உச்சிக்குடும்பனையும் உளுவத்தலையனையும் இடையிடையே புகுத்திச் சிரிக்க வைப்பதைக் காண்கின்றோம். 1908-இல் ஒழுகினசேரியிற் பிறந்த கலைவாணர் என். எஸ். கிருட்டிணனாரும், பெரும்படங்களினூடே தம் நகைக்காட்சிகளைத் தனிக் குறுநாடகங்கள் போலவே அமைத்தார். தொல்காப்பியனாரும் எண்வகை மெய்ப்பாடுகளை நிரல்படுத்துங்கால் நகையை முதலிலும், அழுகையை அதன் அருகிலும் வைத்தமை கருதத்தக்கது.

ஆயினும், நரம்பைத் துடிக்கச் செய்வது மட்டுமே கிளர்ச்சியாகுமோ? ஆகாதென்பதே எம் துணிபு. ஜான் மில்லிங்டன் சிங் என்பார் இயற்றி, அதே 1904-இல் முதன்முதல் நடிக்கப்பெற்ற ‘கடலை நோக்கிச் செல்வோர்’ என்னும் ஓரங்க நாடகம் இதற்குச் சான்று. தீவொன்றில் வாழும் மோரியா என்னும் முதியவள், கணவனையும் மாமனாரையும் புதல்வர் அறுவரையும் கடலுக்குப் பறிகொடுத்தவள். ஆயினும் மேடையிற் புயலில்லை, கவிழும் படகில்லை, காண்பது ஒரு குடிசையின் அடுக்களை மட்டுமே. தொலைவிற் கரையொதுங்கிய ஒருவனுடைய ஆடை பொதியாக வந்து சேர்கின்றது. அது தமையன் மைக்கேலுடையதோ என்றறியத் தங்கை பொதியை அவிழ்த்து, தான் பின்னிய காலுறையின் கண்ணிகளை எண்ணுகின்றாள். அவ்வெண்ணிக்கை முடியுமளவும் அவையிலுள்ளோர் மூச்சு விடவும் அஞ்சுவர். பேரொலியாற் பெறலாகாத கிளர்ச்சியை ஒரு காலுறை தருகின்றது!

இந்நாடகத்தை நம் மாவட்டத்தில் நடிப்போர் ஒன்றை மறத்தலாகாது. 2017 நவம்பர் 30-ஆம் நாள் வீசிய ஒக்கிப் புயலில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய கடற்கரை ஊர்களில் எத்தனையோ குடும்பத்தார் தம்மவரை இழந்தனர். உடலும் கிடைக்காமற் கலங்கினோரும் பலர். அவர்தம் உறவினர் நம் அவையிலும் அமர்ந்திருத்தல் கூடும். அவர்க்கு இது கதையன்று. ஆதலின், செயற்கை ஓலமும் மிகை நடிப்பும் கலவாது அடக்கமாக நடித்தல் வேண்டும். இதன்பின் நகை நாடகம் வைத்தலும் தகாது. நகையை முன்னர் வைத்து அவையோர் உள்ளத்தை இளக்கி, இதனை இறுதியில் வைப்பதே முறை. திரை விழுந்தவுடன் ஒலிபெருக்கியில் நன்றியுரை தொடங்குவாரும் உளர். அவர் சிறிது பொறுப்பாராக. அவ்வமைதியும் நாடகத்தின் ஒரு பகுதியே.

மூன்றாவது, இடைவேளையின் அளவு. வில்லுப்பாட்டில் வீசுகோலும் குடமும் உடுக்கையும் ஒன்றுவிட ஒன்று தொடர்வதால் கேட்போர் செவி பாட்டை விட்டு அகல்வதில்லை. நம் மேடையிலோ இருக்கைகளை இழுத்து மாற்றுவதிலேயே கால்மணி கழிகின்றது. மூட்டிய கனல் அதற்குள் அவிந்துபோகும். இரண்டு விசுப்பலகையும் ஒரு மேசையுமே எல்லா நாடகங்கட்கும் போதுமாறு அமைத்துக்கொள்ளின் இக்குறை நீங்கும்.

சுருக்கமும் மாறுபாடும் இடையறாமையும் மாலைக்கு மலர்களெனின், அருகிலிருப்போன் துயரை அறியும் உள்ளமே அவற்றைக் கோக்கும் நாராகும். நார் வெளியே தோன்றாது. எனினும் அஃதின்றி மாலையில்லை. கல்லூரி மேடையில் நாடகம் தொடுக்கப் புகும் நண்பர்கள் இதனை உளங்கொள்வாராக.